கப்ளிங்குக்குள் கண்டது

1

மன்னிப்புக் கடிதம் எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

கடிதம் கேட்டவள் என் தம்பி மகள் கெசியா. "ரெண்டே பக்கம் போதும் பெரியப்பா. நடந்ததை நடந்தபடி எழுதி கரீம் அண்ணா கையில குடுங்க" என்றாள். நடந்ததை நடந்தபடி என்று சொல்லி நான் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், காவல் நிலையத்துக்கு. அந்த ஒன்று போதும். கதை என்றால் ஒரு வசதி உண்டு. கடைசியில் எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தே நடந்து போகலாம்.

கதையில் வில்பிரட் என்று ஒருவர் வருவார். எழுபத்து நான்கு வயது, மேற்குத் தாம்பரம், மனைவி இல்லை. ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளராக இருந்தவர். அவர் நான்தானா என்று கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்வேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருவருக்கும் சங்கடம்.

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

தொடக்கம் அ: 'கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், வெல்டிங் பட்டறைக்குப் பின்னால், ஒரு பாய்மரப் படகு மரக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.' உண்மைதான். ஆனால் வாசகர் உடனே படகைப் பார்த்து ஆச்சரியப்படத் தொடங்கிவிடுவார். படகில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தொடக்கம் ஆ: 'ஜாய்சன் தன் வீட்டாரை ஒருநாளும்'

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அப்படியே விடுகிறேன்.]

தொடக்கம் இ: 'கப்ளிங்கைக் கழற்ற வேண்டும் என்று கெசியா சொன்னபோது வில்பிரட்டின் கை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தது.'

இதை வைத்துக்கொள்கிறேன். கை கோப்பையைக் கீழே வைத்தது என்பதைத் தவிர அப்போது அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

2

முதலில் சில விவரங்களைச் சொல்லிவிட வேண்டும். தர ஆய்வு அறிக்கை மாதிரிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

படகின் பெயர் எபிநேசர். இருபத்தேழு அடி, ஃபைபர் உடல், ஐம்பது வயது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற தம்பி ஜாய்சன் அதை ஏலத்தில் எடுத்தான். பழைய டீசல் எஞ்சினைப் பழுது பார்த்தான், பாய் தைத்தான், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கடலுக்குப் போய்விடுவான். பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை தனியாகப் போனான். புதன்கிழமை கோவளம் மீனவர்கள் படகைக் கண்டுபிடித்தார்கள். அவனைக் கண்டுபிடிக்கவில்லை. இதுவரை இல்லை.

பாய் மடித்துக் கட்டியிருந்தது. உள்ளே மேஜைமேல் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பணப்பை, மூன்றும் வரிசையாக இருந்தன.

மூத்தவர் என்ற முறையில் வில்பிரட்தான் எழுதிக் கொடுத்தார். 'எஞ்சின் ஷாஃப்டின் கப்ளிங்கில் கீ முறிந்துவிட்டது. எஞ்சின் ஓடியும் புரொப்பல்லர் சுற்றவில்லை. என் தம்பி நீரில் இறங்கி அதைச் சரிபார்க்க முயன்றபோது அலை அவரை இழுத்துச் சென்றிருக்க வேண்டும்.' தெளிவான கையெழுத்து. தொழில்நுட்பம் தெரிந்தவரின் வாக்கியங்கள். காவல் நிலையத்தில் ஏற்றுக்கொண்டார்கள், போதகரும் ஏற்றுக்கொண்டார். ஜாய்சனின் மனைவி செல்வமேரி நிமிர்ந்தபடி கோயிலுக்குப் போய்வர முடிந்தது. தானாகப் போனவன் என்று ஒருவனைச் சொல்லும்போது ஊர் அவன் வீட்டுப் பெண்களை எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

* கப்ளிங் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை, புரொப்பல்லரைச் சுற்றும் ஷாஃப்டுக்குக் கொடுக்கும் இரும்பு வட்டு. ஷாஃப்டின் முனை அதற்குள் நுழைந்திருக்கும். இரண்டிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். இரண்டு பள்ளங்களும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் கணு அளவுக்கு ஒரு சதுர இரும்புத் துண்டு உட்காரும். அதுதான் கீ. அது முறிந்தால் கப்ளிங் சுற்றும், ஷாஃப்ட் சுற்றாது. வெளியிலிருந்து பார்த்தால் கீ தெரியாது. கப்ளிங்கைக் கழற்றினால்தான் தெரியும்.

வில்பிரட் அன்று கழற்றவில்லை.

ஜாய்சன் போவதற்குப் பத்து நாள் முன்பு அந்தக் கீயைப் புதிதாகச் செய்து போட்டவர் கரீம். கடிதத்தில் அவர் பெயர் இல்லை. 'மெக்கானிக்' என்றுதான் இருந்தது. அந்தப் படகுத் துறையில் மெக்கானிக் என்றால் ஒரே ஆள்தான்.

3

முதல் நாள்.

படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது கெசியாவின் முடிவு. அப்பா போனபோது அவளுக்குப் பதினாறு வயது. இப்போது சம்பாதிக்கிறாள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஷாஃப்ட் வெளியே வரும் குழாய் வழியாகத் தண்ணீர் கசியும், அதை மாற்ற ஷாஃப்டை உருவ வேண்டும், ஷாஃப்டை உருவக் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். கப்ளிங் துருவேறி ஷாஃப்டோடு இறுகிப்போயிருந்தது.

"விட்டுவிடு. அப்படியே அறுத்தெடுத்துவிடலாம்" என்றார் வில்பிரட்.

"அறுக்க வேண்டாம் பெரியப்பா. ஆள் வராங்க."

பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் வில்பிரட்டின் முதுகு இன்னும் நேரானது. கரீமுக்கு அறுபதை நெருங்கும் வயது. தாடி நரைத்திருந்தது. தோளில் சாக்குப் பை, அதில் ஸ்பானர்கள்.

"இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்றார் கரீம். குரலில் கசப்பு எதுவும் இல்லை. அதுதான் வில்பிரட்டுக்குப் பொறுக்கவில்லை.

"இப்போது என்ன வேலை செய்கிறாய்?"

"கிணத்து மோட்டாரு, சப்மர்சிபிள் பம்பு. நீங்க எழுதிக் குடுத்தப்பறம் போட்டு வேலைக்கு எவனும் கூப்புடல. பம்பு வேலை சேஃப்டி சார். அது முழுகினாத்தான் வேலையே செய்யும்."

கெசியா சிரித்துவிட்டாள். வில்பிரட் சிரிக்கவில்லை.

[கரீமை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதல் பிரதியில் அவரைக் கோபக்காரராக எழுதினேன். அவர் கத்தினால் வில்பிரட் பதிலுக்குக் கத்தலாம், கதை சுலபமாகிவிடும். ஆனால் அவர் கத்தவில்லை. நான் கற்பனையாக எழுதிய கத்தல்கள் எல்லாம் என் குரலிலேயே இருந்தன. அடித்துவிட்டேன்.]

எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இடம் சவப்பெட்டி அளவுதான். கரீம் குப்புறப் படுத்து, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே நகர்ந்தார். மேலே திறந்திருந்த மூடி வழியாக வில்பிரட் டார்ச் பிடித்தார். கெசியா ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தாள்.

கப்ளிங்கின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. பெயிண்டில் கை விரல் நீளத்துக்கு இழுத்தது. அது கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது.

"இது என்ன கோடு அண்ணா?" என்றாள் கெசியா.

உள்ளிருந்து கரீமின் குரல் வந்தது. "உங்கப்பா போட்டது பாப்பா. புரொப்பல்லருக்கு ரெண்டே இறக்கை. பாய்ல போவறப்போ எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, கையால இதைச் சுத்தி கோட்டை மேல வெச்சுடுவாரு. கோடு மேல இருந்தா இறக்கை ரெண்டும் நிமிந்து நிக்கும், போட்டுக்கு அடியில நீட்டிக்கினு இருக்கற கீலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கும். போட்டை இழுக்காது. எஞ்சினை நிறுத்தினா உடனே வந்து இதைத்தான் பண்ணுவாரு. கை தானா வந்துடும் அவருக்கு."

பிறகு டார்ச் வெளிச்சத்தை நோக்கி, "போட்டு கெடைச்சப்போ கோடு எங்க இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

"கீழே" என்றார் வில்பிரட்.

"அப்ப அவரு நிறுத்தல. எஞ்சின் ஓடிக்கினு இருந்திருக்கு" என்றார் கரீம்.

மாலைக்குள் நான்கு போல்ட்டுகளும் வந்துவிட்டன. ஷாஃப்டை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளிவைத்தார்கள். இறுகிய இடத்தில் எண்ணெய் ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டினார்கள். பூட்டும்போது கோடு கீழே இருந்தது. வில்பிரட் இரண்டு முறை பார்த்தார்.

4

இரண்டாம் நாள் காலை பத்து மணி. வெயில் தகரக் கூரையில் ஏறிவிட்டிருந்தது. முன்பக்கப் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கோடு மேலே இருந்தது.

[இந்த வரியை நான் முதலில் இப்படி எழுதவில்லை. 'கோடு கீழே இருந்தது' என்று எழுதினேன். பேயைக் கூப்பிட்டுக் கதை சொல்வது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. மறுநாள் காலை ஜெபம் முடித்துவிட்டு நோட்டைத் திறந்தேன். 'கீழே' என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, மேலே 'மேலே' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தது. தொழிற்சாலையில் அறிக்கையைத் திருத்தும் முறை அது. அடித்தது தெரிய வேண்டும், யார் அடித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். என் கையெழுத்து. என் சுருக்கொப்பம். நான் தனியாக வசிக்கிறேன். அதை எழுதிய நினைவு எனக்கு இல்லை.]

"பெரியப்பா, நீங்க தொட்டீங்களா?" என்றாள் கெசியா.

"நானா? இந்த முழங்காலை வைத்துக்கொண்டு உள்ளே குனிய முடியுமா என்னால்?"

"நான் வேலை செய்யற எடத்துல வேற யாராவது கை வெக்கிறாங்கன்னா சொல்லிடுங்க சார்" என்றார் கரீம். "பேஜாராயிடும். விரல் மாட்டிக்கும்."

ஷாஃப்ட் இப்போது கியர்பாக்ஸிலிருந்து விடுபட்டிருந்தது, பாரத்தால் தானாகச் சுற்றியிருக்கலாம் என்று வில்பிரட் சொன்னார். கரீம் படகுக்கு வெளியே போய்ப் புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தார். முழு பலத்தையும் கொடுத்தால்தான் அசைந்தது. மறுபடி உள்ளே படுத்து, கோடு கீழே வரும்வரை திருப்பினார். வேலைக்கு அந்த நிலைதான் வசதி என்றார்.

இறுகிய கப்ளிங்கைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. சுத்தியால் அடித்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும். அதனால் ஷாஃப்டின் முனைக்கும் கியர்பாக்ஸின் முகத்துக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புக் கட்டையை வைத்து, பழைய போல்ட்டுகளின் இடத்தில் நீளமான போல்ட்டுகளை மாட்டி, நான்கையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டும். கட்டை ஷாஃப்டைப் பின்னால் தள்ளும், போல்ட்டுகள் கப்ளிங்கை முன்னால் இழுக்கும். ஒன்றை மட்டும் அதிகம் இறுக்கினால் கப்ளிங் கோணலாகி இன்னும் இறுகிவிடும். பொறுமைதான் வேலை.

கரீம் கால் சுற்று இறுக்குவார், காத்திருப்பார், காதை இரும்பின்மேல் வைப்பார். மறுபடி கால் சுற்று.

மதியம் ஷாஃப்ட் குழாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. ஒரு கரண்டி அளவு இருக்கும். பன்னிரண்டு வருடம் உலர்ந்து நின்ற படகு அது.

கரீம் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். படிந்திருந்த உப்பு அதில் கரைந்திருக்கும்" என்றார் வில்பிரட்.

"இருக்கும் சார்." கரீம் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஜில்லுனு கீது. அதான் புரியல."

ஷெட்டுக்குள் சட்டை உடம்போடு ஒட்டும் வெக்கை. கெசியாவும் தொட்டுப் பார்த்தாள், கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். வில்பிரட் தொடவில்லை.

அன்று மாலை வில்பிரட் வழியில் ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து தன் கையாலேயே பூட்டினார். சாவி ஒன்றுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அவர்தான் பூட்டைத் திறந்தார். கால் சுற்று, கால் சுற்றாக நான்கு போல்ட்டுகள், வருடக்கணக்கில் ஓடாமல் இறுகிப்போன கியர்பாக்ஸோடு இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கப்ளிங்கில், மனிதக் கையால் அசைக்கவே முடியாத அந்தக் கப்ளிங்கில், கோடு மேலே இருந்தது.

5

இங்கே கதையை நிறுத்தி வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் மூன்றாம் நாளுக்குப் போகப் பார்த்தேன். மூன்று முறை எழுதினேன். எழுதிய பக்கங்கள் இருக்கின்றன, கிழிக்கவில்லை.

வில்பிரட் அந்தப் புதன்கிழமை கோவளத்தில் படகில் ஏறியதைப் பற்றியது இது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் படகைக் கட்டியிருந்தார்கள். ஒரு மீனவர் தன் ஃபைபர் படகில் அவரைக் கொண்டுபோய் விட்டார். கரையில் இருந்த காவலர், வெள்ளைச் சட்டையையும் பேச்சையும் பார்த்து, "எஞ்சினியர் சார், நீங்களே பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதிடுங்க" என்று சொல்லியிருந்தார். வில்பிரட் எஞ்சினியர் அல்ல. மறுக்கவில்லை.

படகில் பத்து நிமிடம் தனியாக இருந்தார். மடித்த பாயைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து எஞ்சினின் பின்பக்கம் பார்த்தார். கோடு மேலே இருந்தது.

எஞ்சின் பழுதானவன் பதறுவான். அவன் கோட்டை மேலே வைக்க மாட்டான். பாயும் விரிக்காமல் எஞ்சினையும் நிறுத்தி, வழக்கம் தவறாமல் கோட்டையும் மேலே வைத்துவிட்டு, மேஜைமேல் சாமான்களை வரிசையாக அடுக்கியவன்

[இல்லை. இதையும் முடிக்க மாட்டேன்.]

வில்பிரட் குனிந்து, அன்று அவரால் குனிய முடிந்தது, கப்ளிங்கைக் கையால் பிடித்து அரைச் சுற்று திருப்பினார். கோடு கீழே போனது. பிறகு கரைக்கு வந்து கடிதம் எழுதினார்.

முதல் பிரதி: 'கப்ளிங் லேசாகச் சுற்றியது.' அப்படியென்றால் ஷாஃப்ட் அதோடு சேர்ந்து வரவில்லை. கீ முறிந்திருக்கிறது. கடிதம் உண்மை, கரீம் செய்த வேலை கோளாறு, வில்பிரட் நேர்மையானவர். நல்ல பிரதி. கையெழுத்தும் அதில் அழகாக வந்திருந்தது.

இரண்டாம் பிரதி: 'கப்ளிங் கனமாகச் சுற்றியது.' அப்படியென்றால் மறுமுனையில் தண்ணீருக்குள் புரொப்பல்லரும் சேர்ந்து சுற்றியிருக்கிறது. கீ முழுசாக இருக்கலாம். துருப்பிடித்ததால் ஒட்டிக்கொண்டு சுற்றியது என்றும் வாதாடலாம். ஆனால் பத்து நாளைய புது வேலை அது. பத்து நாளில் அப்படித் துருப்பிடிக்காது. வில்பிரட்டுக்கு இது தெரியும். இரும்பைப் பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது.

மூன்றாம் பிரதியில் வில்பிரட்டை அனுப்பிவிட்டேன். வயதானவர், போகட்டும்.

கனமாக இருந்தது. தண்ணீர் தரும் கனம் எனக்குத் தெரியும், தம்பியோடு பலமுறை அந்தக் கப்ளிங்கைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. மறுமுனையை யாரோ தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்பதுபோல ஒரு பிடி. நான் இன்னும் பலமாகத் திருப்பினேன். விட்டுவிட்டது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் ஆறடி தூரத்தில் இருந்தது. போய்க் குனிந்து தண்ணீரைப் பார்த்திருக்கலாம். இரண்டு நாளுக்கு முன்பு போனவன், அங்கே எப்படி இருப்பான்? அறிவுள்ள எவனும் பார்க்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டேன். இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

* இந்தப் பகுதியை செல்வமேரிக்கு யாரும் படித்துக் காட்டக் கூடாது.

* கெசியா படித்துக் காட்டிவிட்டாள். மேரி முழுக்கக் கேட்டாளாம். "கோடு மேல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். போட்டைக் கண்டுபிடிச்ச மீன்காரர் எஞ்சின் மூடியைத் தொறந்து பாத்திருக்காரு, அன்னைக்கே வந்து சொன்னாரு. உங்க பெரியப்பா கஷ்டப்படுவாரேன்னு நான்தான் கேக்கல" என்றாளாம். பன்னிரண்டு வருடம் யாருடைய மானத்தை யார் காத்தார்கள் என்று எனக்குக் குழம்பிவிட்டது. இந்தக் குறிப்பை நீக்கலாமா என்று யோசிக்கிறேன்.

6

மூன்றாம் நாள். வில்பிரட் திரும்பி வந்துவிட்டார். அவர் இல்லாமல் என்னால் இந்தப் பகுதியை எழுத முடியவில்லை.

காலையில் கோட்டைப் பார்த்த கரீம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். பட்டறைத் திண்டில் உட்கார்ந்து தேநீர் வாங்கி வரச் சொன்னார். மூவரும் குடித்தார்கள்.

"சாவி உங்ககிட்டதான சார் இருந்துச்சு?"

"ஆமாம்."

"போல்ட்டு டைட்டா கீது. நான் செக் பண்ணிட்டேன். நாலையும் லூஸ் பண்ணாம அது சுத்தாது."

"ஆமாம்."

"அப்ப யாரு சுத்துனா?"

கெசியா கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, வேண்டாம்னா விட்டுடலாம். நிஜமா. நான் வேற வழி பாக்கறேன்."

"இல்ல பாப்பா. இந்தப் பன்னெண்டு வருசத்துல ஒருநாள்கூட நான் இதை நெனைக்காம தூங்கல. கீயை அரத்தால ராவி ஒக்கார வெச்சது இந்தக் கைதான். நல்லாத்தான் போட்டேன். ஆனா ஒரு மனுசன் பூட்டான். நம்மளாலதான் பூட்டானோன்னு..." கரீம் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஒடைஞ்சிருந்துச்சுன்னா நானே பாத்துட்டுப் போறேன். அதுக்குத்தான் நீ கூப்புட்டதும் ஓடி வந்தேன். காசுக்கு இல்ல."

அவர் உள்ளே போய்ப் படுத்தார். கெசியா ஸ்பானரை நீட்டினாள். வில்பிரட் டார்ச் பிடித்தார். வெளிச்சம் கப்ளிங்கை விட்டு விலகியது.

"லைட்டை ஒழுங்கா காட்டுங்க சார்."

கால் சுற்று. இன்னொரு போல்ட்டில் கால் சுற்று. இரும்புக்குள்ளிருந்து மெலிதாக ஒரு முனகல் வந்தது. கழலப்போகும் கப்ளிங் அப்படித்தான் முனகும். வில்பிரட்டுக்கு அது தெரியும்.

"இன்னும் ஒரே ஒரு கால் சுத்து" என்றார் கரீம். "வந்துடும்."

"நில்லுங்கள்" என்றார் வில்பிரட்.

அந்த மூன்று நாட்களில் அவர் கரீமிடம் மரியாதையாகப் பேசிய முதல் சொல் அது. திட்டமிட்டு வந்ததல்ல.

"என்ன சார்?"

"கோடு கீழே இல்லை. அன்றைக்கு மேலேதான் இருந்தது. நான்தான் திருப்பினேன். கனமாகத்தான் சுற்றியது. கப்ளிங்கை நான் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவர் சொன்னது இவ்வளவுதான். தண்ணீருக்குள் மறுமுனையைப் பிடித்த கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கெசியா அவர் பக்கம் திரும்பவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, குப்புறக் கிடந்த மனிதரின் முதுகு மட்டும் தெரிந்தது. அது மூச்சு விட்டது, மறுபடி மூச்சு விட்டது. பிறகு தோள் ஒருமுறை அசைந்தது. கடைசிக் கால் சுற்று.

துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். முன்பக்கப் பட்டறையில் கிரைண்டர் நின்றது. ஷாஃப்ட் பின்னால் சரிந்தது. ஒரு தம்ளர் அளவு தண்ணீர், எங்கிருந்தோ, கொட்டித் தீர்ந்தது. கரீமின் கை கப்ளிங்குக்குள் போனது. பள்ளத்தைத் தடவியது. விரல்கள் மூடிக்கொண்டன.

அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் எண்ணெய். வலது கையை மூடியே வைத்திருந்தார்.

"என்ன?" என்றார் வில்பிரட். "இருக்கிறதா?"

கரீம் கெசியாவைக் கூப்பிட்டு, வில்பிரட்டுக்கு முதுகு காட்டி நின்று, கையை விரித்தார். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த எண்ணெய்க் கையைத் தன் இரண்டு கையாலும் மூடி, நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். கீ முழுசாக இருந்திருந்தால், அந்தக் கைக்குச் செய்த அநியாயத்துக்காக அப்படி அழுதிருப்பாள். முறிந்திருந்தால், அவர் கேட்காமலே மன்னித்தும் அப்படித்தான் அழுதிருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். இரண்டையும் செய்யக்கூடியவள்.

"கரீம், எனக்கும் காட்டுங்கள்."

கரீம் மூடிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு பாக்காமயே எழுதினீங்க இல்ல சார்?" என்றார். சத்தம் போடவில்லை. "இப்பவும் பாக்காமயே எழுதுங்க."

7

அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு அ: கீ முழுசாக இருந்தது. கரீம் நிமிர்ந்து நடந்தார். ஜாய்சன் தானாகவே போனான். கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயரைக் கல்லில் வெட்டிய இடத்துக்குக் குடும்பம் இனி எந்த முகத்தோடு போகும்? இந்த முடிவை எழுதும்போது பேனா நன்றாக ஓடுகிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு ஆ: கீ இரண்டாக முறிந்து இடுக்கில் செருகிக் கிடந்தது, கையால் திருப்பியபோது ஷாஃப்டும் சேர்ந்து வந்தது அதனால்தான். கைக்கு வந்ததை எழுதிய கிழவன் தற்செயலாக உண்மையை எழுதியிருந்தான். என் தம்பி பிழைக்கத்தான் தண்ணீரில் இறங்கினான், ஏற முடியாமல் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் அந்தப் பிடியை

[இதை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாக எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாக நான் நினைத்த முடிவு இதுதான். இதை நான் விரும்பியிருக்கிறேன்.]

முடிவு இ: பள்ளத்தில் எதுவுமே இல்லை. கரீம் வெறுங்கையை மூடிக்கொண்டு போனார்.

மூன்றையும் கெசியாவிடம் படித்துக் காட்டினேன். எந்த இடத்தில் அவள் முகம் மாறுகிறது என்று பார்க்கத்தான் படித்தேன். அதைத் தெரிந்துகொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டாள். முடித்ததும், "கதை நல்லா இருக்கு சார்" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை.

ஷாஃப்டை உருவிவிட்டார்கள். பழைய கப்ளிங் ஷெட்டில் மேஜைமேல் கிடக்கிறது. கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. சாவியைக் கெசியாவிடம் கொடுத்துவிட்டேன்.

வாசகரே, கரீம் பம்மலில்தான் இருக்கிறார். மோட்டார் ரிப்பேர் என்று கேட்டால் காட்டுவார்கள். உங்களிடம் அவருக்குக் கணக்கு எதுவும் இல்லை. கேட்டால் சொல்லக்கூடும், கையை விரித்தே காட்டக்கூடும். உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கீழே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன். பார்ப்பதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

கண்டது: ....................................

கண்டவர்: ....................................